அதுக்கு இங்கிலீஷ் தெரியாது

யுவாவின் வீட்டு ஜன்னல்களுக்குத் திரை கிடையாது. வெளியே கொட்டிக் கிடக்கும் பனி வெயிலைத் திருப்பியடித்துக் கண்ணைக் கூசவைக்கும் நண்பகலில், அத்தனை வெளிச்சத்துக்கும் நடுவில் அவள் புருஷன் வா மெங் கட்டிலில் தூங்குவான். பக்கத்தில் முக்காலி போட்டு அவள் உட்கார்ந்திருப்பாள். கையில் ஏதாவது பூத்தையல் இருக்கும். கண் மட்டும் தையலில் இருக்காது, அவன் நெஞ்சின் மேல் இருக்கும். ஏறுகிறதா, இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பாள். செயின்ட் பால் நகரத்துக்கு வந்த மூன்றாவது பனிக்காலம் முழுக்க அவளுக்கு இதுதான் வேலை.

மோங் ஜனம் நாங்கள். லாவோஸ் மலைகளில் குண்டுக்குத் தப்பி, ராத்திரியோடு ராத்திரியாக மேகோங் ஆற்றைக் கடந்து, தாய்லாந்து முகாமில் வருஷக்கணக்கில் கிடந்து, ஒருவழியாக அமெரிக்கா வந்து சேர்ந்தோம். இனி உயிருக்குப் பயமில்லை என்று நிமிர்ந்து மூச்சுவிட்ட நேரத்தில், எங்கள் ஆண்கள் தூக்கத்தில் சாக ஆரம்பித்தார்கள். நோய்நொடி இல்லாதவர்கள். முந்தின நாள் சிரித்துப் பேசிச் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர்கள். தூக்கத்தில் நெஞ்சின்மேல் ஏறி உட்காரும் ஒன்றைப் பற்றி எங்கள் மலையில் எல்லோருக்கும் தெரியும். அதற்கு ஒரு பெயரும் உண்டு. அதை இங்கே எழுத மாட்டேன், எனக்கும் தூக்கம் வேண்டும்.

பெயரைச் சொன்னால் அது வரும். ஒருவன் காதுபட அவன் சாவைப் பேசினால் சாவுக்குப் பாய் விரித்துக் கூப்பிட்டது போல. அதனால் எங்களில் யாரும் எதையும் நேராகச் சொல்வதில்லை. "அவருக்குக் கொஞ்சம் கனமா இருக்காம்" என்பார்கள். கேட்டவனுக்கு விஷயம் புரிந்துவிடும். அவனும் "ஓகோ, கனமா" என்று தலையாட்டிவிட்டுப் போவான்.

அடுத்த வீட்டு பா ஹுவாவுக்கு மட்டும் வாய் கொஞ்சம் நீளம். அவள் புருஷன் முந்தின வருஷம் அப்படித்தான் போனான். காலையில் காபி போட்டு எழுப்பப் போனாள், எழுந்திருக்கவில்லை. அதற்கப்புறம் அவளுக்கு எதிலும் மரியாதை இல்லாமல் போய்விட்டது.

"நம்ம வீட்டுத் தெய்வம், முன்னோர் எல்லாத்துக்கும் வழி தெரியாம லாவோஸ்லயே தங்கிடுச்சு. அந்தச் சனியனுக்கு மட்டும் எவன்டி விசா குடுத்தான்?" என்பாள். கேட்கிறவர்கள் சிரிப்பதா எழுந்து ஓடுவதா என்று தெரியாமல் நெளிவார்கள்.

வா மெங் மீசை முளைக்கும் முன்பே துப்பாக்கி தூக்கியவன். பயம் என்ற சொல் அவன் வாயிலிருந்து வந்து யாரும் கேட்டதில்லை. நெஞ்சின்மேல் ஏறும் அது முதல்தடவை வந்தபோது யுவாவிடம்கூட அவன் சொல்லவில்லை. தொண்டையில் ஒரு முனகல், கைகால் விறைப்பு, முகத்தில் நீலம். அவள் உலுக்கி எழுப்பினாள். "என்னங்க?" என்று கேட்டதற்கு, "ஒண்ணுமில்ல, போர்வை கனம்" என்றான். மறுவாரமே ஜன்னல் சட்டம் செய்யும் தொழிற்சாலையில் கேட்டு ராத்திரி ஷிப்டுக்கு மாறிக்கொண்டான். இருட்டில் வருவது வெளிச்சத்தில் வராது என்பது அவன் கணக்கு. ஊருக்கெல்லாம் ஜன்னல் செய்கிறவன் தன் வீட்டு ஜன்னல் திரையைக் கழற்றிச் சுருட்டிப் பரணில் போட்டான்.

அது பகலிலும் வந்தது.

வா மெங்கின் சித்தப்பா மகன் சாய் நெங்குக்கு இங்கிலீஷ் தெரியும். எங்கள் தெருவுக்கே அவன்தான் வாய். ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், வாடகை ஆபீஸ், எங்கே போனாலும் அவனைத்தான் கூட்டிக்கொண்டு போவோம். அவன்தான் அண்ணனையும் அண்ணியையும் டாக்டரிடம் அழைத்துப் போனான். டாக்டர் என்ன கஷ்டம் என்று கேட்டார். யுவா புருஷனைப் பார்த்தாள். அவன் எதிரில் எப்படிச் சொல்வது? "தூக்கத்துல அவருக்குக் கொஞ்சம் கனமாயிடுது" என்றாள். சாய் நெங் அதையும் இன்னும் கொஞ்சம் இழைத்துத் தேய்த்து, "இவர் சரியாகத் தூங்குவதில்லை, களைப்பாக இருக்கிறார்" என்று இங்கிலீஷில் சொன்னான். அவன்மேல் தப்புச் சொல்ல முடியாது. அண்ணனுக்கு எதிரில் கெட்ட வார்த்தையை எந்த வாயால் சொல்வான்? டாக்டர் மேலும் தப்பில்லை. தூக்கமில்லை என்று வந்தவனுக்குத் தூக்க மாத்திரை கொடுத்தார்.

அன்று பகல் பன்னிரண்டு மணி வெயிலில் வா மெங் செத்துப் பிழைத்தான். வழக்கமான முனகல் கேட்டதும் யுவா தோளைப் பிடித்து உலுக்கினாள். அவன் அசையவில்லை. கன்னத்தில் அறைந்தாள். பெயர் சொல்லிக் கத்தினாள். ஐஸ் தண்ணீரை எடுத்து முகத்தில் ஊற்றினாள். மாத்திரை அவனைக் கிணற்றின் அடியில் கொண்டுபோய் வைத்திருந்தது. நெஞ்சு ஏறவில்லை. கடைசியில் அவன் கால் கட்டைவிரலை வாயில் வைத்து, ரத்தம் வரும்வரை கடித்தாள்.

அவன் மூச்சை இழுத்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தான். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. காலைப் பார்த்தான், அவளைப் பார்த்தான்.

"பைத்தியமா உனக்கு? எதுக்குக் கடிச்ச?"

"பசிச்சுது" என்றாள் யுவா. சொல்லிவிட்டு அடக்கமாட்டாமல் அழுதாள்.

அன்று அவளுக்கு ஒன்று விளங்கியது. தன் வாய்க்கும் டாக்டர் காதுக்கும் நடுவில் சொந்தக்காரன் யாரும் இருக்கக்கூடாது. அந்த வார்த்தைகளை அவளே கற்றுக்கொள்ள வேண்டும். கற்காவிட்டால் இந்த மனுஷன் ஒருநாள் எழுந்திருக்க மாட்டான்.

சர்ச்சின் கீழ்த்தளத்தில் சாயங்காலம் பெண்களுக்கு இங்கிலீஷ் வகுப்பு நடந்தது. வா மெங் ஷிப்டுக்குப் போனதும் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு பா ஹுவாவோடு யுவா போய்ச் சேர்ந்தாள். சொல்லிக்கொடுத்தவர் மிசஸ் ஹாகன். பெரிய உடம்பு, பெரிய சிரிப்பு, எதையும் நடித்துக் காட்டாமல் விடமாட்டார். கோழி என்றால் கொக்கரிப்பார், பஸ் என்றால் வகுப்பைச் சுற்றி ஓட்டிக் காட்டுவார். எங்கள் பெண்களுக்கு அவர்மேல் உயிர்.

காய்கறி முடிந்து, உடுப்பு முடிந்து, ஒருநாள் ராத்திரி பாடம் வந்தது. மிசஸ் ஹாகன் படங்களைச் சுவரில் ஒட்டினார். நிலா, விளக்கு, தலையணை. நைட் என்றார், டார்க் என்றார். எல்லோரும் கூடச் சொன்னார்கள். கண்ணை மூடிக் கையைக் கன்னத்தில் வைத்து அஸ்லீப் என்றார். கண்ணை அகலத் திறந்து அவேக் என்றார். யுவா ஒவ்வொன்றையும் பல்லில் கடித்துப் பார்ப்பது போலச் சொல்லிப் பார்த்தாள். டார்க் என்ற இடத்தில் மட்டும் அவளுக்கு இடித்தது. தன் வீட்டில் அது நடப்பது நல்ல வெளிச்சத்தில் அல்லவா?

பிறகு மிசஸ் ஹாகன் நைட்மேர் என்றார். யாருக்கும் புரியவில்லை. அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. மேஜைமேல் ஏறி மல்லாந்து படுத்தார். கண்ணை மூடினார். தொண்டையிலிருந்து முனகினார். கைகால்களை விறைத்துக்கொண்டு, நெஞ்சின்மேல் ஏதோ கனம் உட்கார்ந்திருப்பது போலத் திணறினார்.

வகுப்பில் ஒருத்தி முகத்திலும் ஈயாடவில்லை. ஒருத்தி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினாள். இன்னொருத்தி முகத்தை மூடிக்கொண்டாள். பா ஹுவா நாற்காலியைத் தள்ளிவிட்டுப் பாய்ந்துபோய், அந்தப் பெரிய உடம்பின் இரண்டு தோளையும் பிடித்து, "எந்திரி! எந்திரிடா! எந்திரிடா!" என்று அலறியபடி மேஜையிலிருந்து கீழே இழுத்துப் போட்டாள். அப்புறமும் விடவில்லை, உலுக்கிக்கொண்டே இருந்தாள். மிசஸ் ஹாகன் தரையில் உட்கார்ந்து, மூக்குக்கண்ணாடி ஒரு காதில் தொங்க, அவளையே பார்த்தார். நடித்துக் காட்டியது எதை என்று அவருக்குத் தெரியாது. ஆனால் ஒரு பெண்ணின் முகத்தைப் படிக்கத் தெரிந்தவர். அப்படியே பா ஹுவாவைக் கட்டிக்கொண்டார்.

திரும்பி வரும்போது பனி பெய்துகொண்டிருந்தது. பிள்ளைகள் முன்னால் சறுக்கிக்கொண்டு போயின.

"அக்கா, அதுக்கு இங்கிலீஷ் தெரியுமா?" என்றாள் யுவா.

"எதுக்குடி?"

"அதுக்குத்தான்."

பா ஹுவா நின்றுவிட்டாள். "நம்ம மலையில பொறந்தது. படிச்ச சாய் நெங்கே திக்கித் திணறிப் பேசுறான். அது எங்க போய்ப் படிச்சிருக்கும்? சர்ச் வகுப்புக்கா வருது?"

"அப்ப இங்கிலீஷ்ல சொன்னா அதுக்குப் புரியாதுல்ல?"

தெருவிளக்கின் கீழே பா ஹுவாவின் கண் பளபளத்தது. "படிச்சுக்கோ யுவா," என்றாள் கடைசியில். "நான் அன்னிக்கி டெலிபோன்ல ஆம்புலன்ஸ்காரங்ககிட்ட 'மை ஹஸ்பெண்ட், மை ஹஸ்பெண்ட்'னு மட்டும்தான் சொன்னேன். அதுக்கு மேல எனக்கு வார்த்தை இல்ல."

மறுநாள் பாத்திரம் கழுவும் தொட்டியருகே நின்று, ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, யுவா முணுமுணுத்தாள். "நைட்மேர்." சூப்பு கொதித்துக்கொண்டிருந்தது. உள்ளே வா மெங் குறட்டை விட்டான். எதுவும் வரவில்லை. கொஞ்சம் சத்தமாகச் சொன்னாள். அப்புறமும் வரவில்லை. அவளுக்கு முதுகு நிமிர்ந்தது.

அதற்கப்புறம் வகுப்பு முடிந்தும் அவள் எழுந்திருக்க மாட்டாள். நெஞ்சைத் தொட்டுக் காட்டுவாள், மிசஸ் ஹாகன் செஸ்ட் என்பார். மூச்சை இழுத்து விடுவாள், ப்ரீத் என்பார். ஒருநாள் கண்ணை மூடிக் கையைக் கன்னத்தில் வைத்து, "ஸ்லீப். நோ வேக் அப். நோ வேக் அப், எவர். வாட்?" என்று கேட்டாள். மிசஸ் ஹாகன் சிரிப்பை நிறுத்திவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு அந்தச் சொல்லைச் சொன்னார். டை. இவ்வளவு சின்னச் சொல்லா என்று யுவாவுக்கு ஆச்சரியமாக இருந்தது. அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அதைச் சொல்லிக்கொண்டே போனாள்.

வா மெங்கை மறுபடி ஆஸ்பத்திரிக்குக் கிளப்புவது லேசில் நடக்கவில்லை.

"மாத்திரை குடுத்துக் கவுக்கப் பாத்தவன்கிட்டயே போகச் சொல்றியா?"

"ஏங்க, மொதல்ல சாமியாடியை வச்சுப் பூசை பண்ணிடலாம். கயிறு கட்டிக்கோங்க. அப்புறம் எனக்காக ஒரே ஒரு தடவை வாங்க."

"அங்க வந்து என்ன பண்ணப் போற?"

"சும்மா உட்காந்திருக்கேன்."

சாமியாடி வந்தார். ஆவி உலகத்துக்குப் போய்ச் சண்டை போட்டுவிட்டு வியர்க்க விறுவிறுக்கத் திரும்பினார். சொந்தக்காரர்கள் எல்லோரும் வா மெங்கின் மணிக்கட்டில் வெள்ளைக் கயிறு கட்டினார்கள். கயிறு கட்டின கையோடு அவனை டாக்டர் முன்னால் கொண்டுபோய் உட்காரவைத்தாள் யுவா. சாய் நெங் வழக்கம்போல் தொண்டையைக் கனைத்தான். அவள் அவன் முழங்கையைத் தொட்டு நிறுத்தினாள்.

மாத்திரைப் புட்டியை மேஜையில் வைத்தாள். "நோ," என்றாள். கையை மடியில் வைத்து இறுக்கிக்கொண்டாள். "ஹி ஸ்லீப் இன் டே. ஹி நோ ப்ரீத். ஐ வேக் அப் ஹிம். திஸ் பில், ஹி நோ வேக் அப்." டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். யுவா புருஷனைப் பார்க்கவில்லை. சுவரில் மாட்டியிருந்த இதயப் படத்தைப் பார்த்துக்கொண்டு மிச்சத்தையும் சொன்னாள். "மெனி மோங் மேன் டை இன் ஸ்லீப். மை ஹஸ்பெண்ட், டை இன் ஸ்லீப். சூன்."

சாய் நெங் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டான். "அண்ணி! என்ன பேச்சு இது? அண்ணன் எதிர்லயே!"

"அவங்க பாஷையிலதானே சொன்னேன். நம்மாளு யாருக்கும் புரியாது. நீ வாயத் திறக்காம இருந்தாப் போதும்."

சாய் நெங் அண்ணனைத் திரும்பிப் பார்த்தான். வா மெங் கல்லாக உட்கார்ந்து மணிக்கட்டுக் கயிற்றைத் திருகிக்கொண்டிருந்தான். புரியவில்லை போலும் என்று சாய் நெங்குக்கு உயிர் வந்தது.

அப்புறம் எல்லாம் வேகமாக நடந்தது. வா மெங்கின் உடம்பெல்லாம் வயர் ஒட்டித் தங்கவைத்தார்கள். அவன் இதயத்தின் நடையில் எங்கோ தடுமாற்றம் இருப்பதாகவும், ஏன் என்று தனக்குத் தெரியவில்லை என்றும் டாக்டர் சொன்னார். தூக்க மாத்திரை கூடவே கூடாது, தனியாகப் படுக்கக்கூடாது, சத்தம் கேட்டால் உடனே எழுப்ப வேண்டும், எழாவிட்டால் ஆம்புலன்சைக் கூப்பிட வேண்டும். தெரியவில்லை என்று வாய்விட்டுச் சொன்ன டாக்டரை யுவாவுக்குப் பிடித்துப் போனது. கடைசியில் அவர், "இதை யாரும் என்னிடம் சொன்னதில்லை" என்றார். அந்த ஒன்றைச் சாய் நெங் தலையைக் குனிந்துகொண்டே மோங்கில் சொன்னான்.

வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் சாய் நெங் முன்னால் போய் உட்கார்ந்துகொண்டான். பின் சீட்டில் புருஷனும் பெண்டாட்டியும். வா மெங் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தான். யுவா மனசுக்குள் என்னவோ பேசித் தன்னைச் சமாதானம் பண்ணிக்கொண்டிருந்தாள்.

"ஐ ஹியர்," என்றான் அவன்.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. தொழிற்சாலையில் வெள்ளைக்காரர்களோடு வேலை செய்கிறவன் காதைப் பொத்திக்கொண்டா இருப்பான்? எல்லாம் கேட்டிருந்தான், எல்லாம் புரிந்திருந்தது. அவன் எதிரில், அவன் சாவை, அவன் பெண்டாட்டி வாயாலேயே. கத்துவான் என்று காத்திருந்தாள். பஸ் இரண்டு நிறுத்தம் தாண்டியது. அவன் இன்னும் ஜன்னலையே பார்த்துக்கொண்டு, சத்தமே வராமல், தொழிற்சாலையில் கற்ற ஒரு சொல்லைத் தேடி எடுத்தான்.

"ஐ ஸ்கேர்ட்," என்றான். "எவ்ரி டே, ஐ ஸ்கேர்ட்."

எங்கள் மொழியில் அவன் வாழ்நாளில் சொல்லாதது. சொல்லியிருக்கவும் முடியாது. யுவா அவன் கையை எடுத்துத் தன் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டாள். "மீ டூ," என்றாள். வீடு வரும்வரை இரண்டு பேரும் அழுதார்கள்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் ஒரு வழக்கம் வந்தது. மற்ற வீடுகளில் பிள்ளைகள் ரகசியம் பேசவேண்டுமானால் இங்கிலீஷில் பேசும், பெற்றவர்கள் முழிப்பார்கள். யுவா வீட்டில் பெற்றவர்கள் இரண்டு பேரும் அரைகுறை இங்கிலீஷில் ரகசியம் பேச, பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும். அதைப் பற்றியும் சாவைப் பற்றியும் பயத்தைப் பற்றியும் அவர்கள் இங்கிலீஷில் மட்டும்தான் பேசினார்கள். மாட்டிறைச்சி, வாடகை, மாமியார் சண்டை எல்லாம் மோங்கில்.

அது அப்புறமும் சிலதடவை வந்தது. ஒவ்வொரு தடவையும் அவள் எழுப்பினாள். பிறகு மெல்ல மெல்ல வராமல் போனது. சாமியாடி அதைத் தன் பெருமையாகச் சொல்லிக்கொண்டார். சாய் நெங் டாக்டர் என்றான். பா ஹுவா, "கட்டைவிரல் கடிக்குப் பயந்துடுச்சு" என்றாள். யுவா எதையும் நம்பத் தயாராக இல்லை. அவன் பகல் ஷிப்டுக்குத் திரும்பி, பிள்ளைகள் வளர்ந்து, அவனுக்குத் தலை நரைத்த பிறகும், கட்டிலில் படுத்ததும், "யூ அவேக்?" என்று அவன் கேட்பான். "ஐ அவேக்," என்பாள். அதைக் கேட்ட பிறகுதான் அவன் கண்ணை மூடுவான். மிசஸ் ஹாகன் கற்றுக்கொடுத்த ராத்திரிப் பாடத்தில் ஒரே ஒரு சொல்லை மட்டும் அவள் அவனிடம் சொன்னதே இல்லை. தூங்குங்க என்று எந்த மொழியிலும் அவள் அவனுக்குச் சொல்லவில்லை. சொன்னால் தூங்கிவிடுவானோ என்று பயம்.

வா மெங் கிழவனாகித்தான் போனான். சிறுநீரகம் கெட்டு, ஆஸ்பத்திரியில், ஒரு வசந்தகாலப் பிற்பகலில், கண்ணைத் திறந்தபடி, சுற்றி நின்ற மகன்களிடம் யார் காரை எங்கே நிறுத்தியிருக்கிறீர்கள் என்று விசாரித்துக்கொண்டே. தூக்கத்தில் போகவில்லை. அந்த ஒரு நியாயமாவது அவளுக்குக் கிடைத்தது.

சாவு வீடு எங்கள் முறைப்படி நாள்கணக்கில் நடந்தது. மத்தளமும் மூங்கில் குழலும் ஓயவில்லை. வழிகாட்டுகிற பெரியவர் பெட்டியருகே உட்கார்ந்து, உயிர் திரும்பிப் போகவேண்டிய பாதையை ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டு போனார். செயின்ட் பாலிலிருந்து முகாமுக்கு, முகாமிலிருந்து ஆற்றைக் கடந்து, மலை ஏறி, பிறந்த வீட்டுக்கு. எழுந்திரு, நட, நிற்காதே, நட. யுவா கேட்டுக்கொண்டே இருந்தாள். வாழ்நாளெல்லாம் நான் எழுப்பினேன், இப்போது இவர்களும் எழுப்புகிறார்களே என்று அவளுக்குப் பட்டது.

பாட்டு முடிந்ததும் அவள் எழுந்து போனாள். பெட்டிக்குள் குனிந்து, அன்று கயிறு கட்டிய மணிக்கட்டைத் தொட்டாள். எல்லோர் காதிலும் விழும்படி, தெளிவாகச் சொன்னாள்.

"ஸ்லீப். நோ மோர் வேக் அப். ஐ அவேக். யூ ஸ்லீப்."

கூட்டத்தில் ஒரு சலசலப்பு. பக்கத்தில் உட்கார்ந்திருந்த கிழ அத்தை சாய் நெங்கின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவனுக்கும் பல் கொட்டிவிட்டது அப்போது. "என்னடா சொல்றா உங்க அண்ணி? அவங்க பாஷையில என்னவோ சொல்றாளே?"

யாருக்கும் எதையும் நேராகச் சொல்லிப் பழகாதவன் சாய் நெங். இழைத்துத் தேய்த்துச் சொல்ல ஒரு வார்த்தை தேடினான். அண்ணியைப் பார்த்தான். அவள் பெட்டியைவிட்டு நகரவில்லை.

"தூங்கச் சொல்றாங்க, அத்தை," என்றான்.